மடக்குக் கத்தி: முதல் கத்தி வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

இன்று காலையிலிருந்து என் பையில் இருக்கும் கத்தி செய்த வேலைகள் இவை. கூரியரில் வந்த பெட்டியின் டேப்பை அறுத்தது. மாடியில் அவரைக் கொடிக்குக் கட்டியிருந்த பழைய சணலை வெட்டியது. மதியம் ஒரு கொய்யாவை நான்காகப் பிளந்தது. மாலையில் மகளின் பென்சிலைச் சீவியது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிட வேலைகூட இல்லை. ஆனாலும் கத்தி இல்லாத நாளில் சாவியாலும் பல்லாலும் நகத்தாலும் இவற்றைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த ஐந்து நிமிடத்தின் அருமை தெரியும்.

மடக்குக் கத்தி என்றதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சினிமாவில் அது அடியாளின் கையில் மட்டுமே வருவதால் வந்த வினை. உண்மையில் இவற்றைச் செய்தவர்கள் சிற்றூர்க் கொல்லர்கள். வாங்கியவர்கள் ஆடு மாடு மேய்ப்பவர்கள், திராட்சைத் தோட்டக்காரர்கள், படகோட்டிகள், பள்ளிப் பிள்ளைகள். ரொட்டி அறுக்கவும் கொடி கவாத்து செய்யவும் பென்சில் சீவவும் பிறந்த கருவிகள் இவை. பாரம்பரிய மடக்குக் கத்தி என்று நான் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான்: இரண்டு கையாலும் திறப்பது, மரமோ எலும்போ கொம்போ உலோகத் தகடோ பிடியாக இருப்பது, நூறு ஆண்டுகளாகப் பெரிதாக உருமாறாதது. பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்திகள் இதில் சேராது. அவற்றை வாங்க நினைப்பவருக்கு இந்தக் கட்டுரை உதவாது.

புதிதாக வருபவர்களிடம் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருப்பேன். முதலில் ஒரு கத்தி வாங்கி ஆறு மாதம் தினமும் பயன்படுத்துங்கள். அதற்கு முன்பு இரண்டாவதை வாங்க வேண்டாம். உங்களுக்கு எது பிடிக்கும் என்பதை அந்த ஆறு மாதம்தான் சொல்லும்.

1. எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

கத்திகளின் தோற்றம் ஆயிரம் விதம். அலகு திறந்த நிலையில் எதன் பலத்தில் நிற்கிறது என்று பார்த்தால் மூன்றே வகைதான்.

முதல் வகையில் வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. ஆணியின் இறுக்கமும் உங்கள் விரலும்தான் அலகை நிறுத்துகின்றன. ஜப்பானின் ஹிகோனோகாமி இதற்கு அழகான உதாரணம். ஹியோகோ மாகாணத்தின் மிகி என்ற ஊரில் 1890-களில் பிறந்தது. ஒரு பித்தளை அல்லது இரும்புத் தகட்டை மடித்தால் அதுவே பிடி. அலகின் அடியில் சிறு வால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்து, வெட்டும்போது அதே வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் சீவி இதுதான். இன்று அந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமையோடு செய்பவர்கள் மிகியில் நாகாவோ கானேகோமா என்ற ஒரே பட்டறையினர்.

இரண்டாம் வகையை ஸ்லிப்ஜாயிண்ட் என்பார்கள். பிடியின் முதுகில் நீளமான எஃகு வில் ஒன்று இருக்கும். அலகைத் திறக்கும்போது வில் எழுந்து, முழுவதும் திறந்ததும் ‘டக்’ என்று படிந்து அலகை அழுத்திப் பிடிக்கும். இது பூட்டு அல்ல. போதிய பலத்தோடு தள்ளினால் மடங்கிவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்த பார்லோ, அமெரிக்கக் கால்நடைப் பண்ணைகளின் மூன்று அலகு ஸ்டாக்மேன், சுவிஸ் ராணுவக் கத்தி ஆகியவை எல்லாம் இந்த வகை.

மூன்றாம் வகையில் உண்மையான பூட்டு இருக்கும். பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் அலகின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம். அதைத் திருப்பினால் அலகு நகராது. ஜெர்மனியின் மெர்கேட்டர் கத்தியில் முதுகில் ஒரு நெம்புகோல். அதை அழுத்தினால்தான் மடங்கும்.

2. முதல் கத்தியைத் தேர்ந்தெடுங்கள்

யார் கேட்டாலும் நான் இரண்டே பெயர்கள்தான் சொல்வேன்.

ஒன்று ஒப்பினெல். ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்ற இளைஞர் 1890-இல் செய்தது. 1897-இல் 1 முதல் 12 வரை பன்னிரண்டு அளவுகளாக வரிசைப்படுத்தினார். இன்றும் அதே எண்கள்தான். 1-ஆம் எண்ணும் 11-ஆம் எண்ணும் மட்டும் பின்னர் நிறுத்தப்பட்டன. அலகில் முடிசூடிய கை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். ஆசி கூறும் அந்தக் கை பக்கத்து ஊரான செயின்ட்-ஜான்-டி-மோரியெனின் சின்னம், முடி சவோய் ஆட்சியாளர்களுடையது. பூட்டு வளையத்தை 1955-இல் மார்செல் ஒப்பினெல் சேர்த்தார். பீச் மரப் பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, இரண்டு வளையங்கள்: ஐந்தே உறுப்புகள். 8-ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ., எடை சுமார் 45 கிராம். சட்டைப்பையில் போட்டால் பேனாவைவிட அதிகம் உறுத்தாது. கை சிறியதென்றால் 7 செ.மீ. அலகுள்ள 6-ஆம் எண் போதும்.

இன்னொன்று சுவிஸ் ராணுவக் கத்தி செய்யும் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கேடட், அலுமினியப் பிடியோடு. மூடிய நீளம் 84 மி.மீ., ஒப்பினெலுக்கு நிகரான எடை. கத்தியோடு டின் திறப்பான், பாட்டில் திறப்பான், நக அரம் உண்டு. அலுவலகத்தில் எடுத்தால் யாரும் மிரள மாட்டார்கள், எல்லோருக்கும் பழகிய உருவம்.

லகியோல் என்ற பெயரைப் பார்த்து மயங்கி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தெற்கு பிரான்சின் ஒரு மலைக் கிராமத்தின் பெயர் அது. வில்லின் தலையில் தேனீ பொறித்த, இடை சிறுத்த அழகான கத்தி. ஆனால் அந்தப் பெயர் நெடுங்காலம் யாருக்கும் உரிமையில்லாமல் கிடந்ததால் உலகின் எந்த மூலையில் செய்த மலிவுக் கத்தியிலும் அது பொறிக்கப்பட்டிருக்கும். செய்த பட்டறையின் பெயரும் ஊரும் தெரியாமல் வாங்க வேண்டாம். சோலிங்கன் என்ற பெயரின் கதை நேர்மாறானது. 1938 முதல் ஜெர்மன் சட்டம் அந்தப் பெயரைக் காக்கிறது, அங்கே செய்தால்தான் பொறிக்கலாம்.

3. கையில் வந்ததும் சோதியுங்கள்

ஸ்லிப்ஜாயிண்ட் கத்தி என்றால் மூடிய நிலையில் விளக்கை நோக்கிப் பிடியுங்கள். வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் வேலை சுத்தமில்லை. அடுத்து அலகைத் திறந்து நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது. மூடிய அலகு பிடியின் நடுவில் படுத்திருக்க வேண்டும், ஒரு பக்கத் தகட்டை உரசக் கூடாது.

பிறகு காதைத் தீட்டிக்கொண்டு மெல்லத் திறங்கள். நல்ல கத்தி வழுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் கணீரென்று நிற்கும். சேகரிப்பவர்கள் இதை நடையும் பேச்சும் என்பார்கள். நடை சொரசொரவென்று இருந்தால் உள்ளே தூசி இருக்கலாம், ஒரு சொட்டு எண்ணெயில் சரியாகும். பேச்சே இல்லையென்றால் வில் சோர்ந்துவிட்டது. அதற்கு வீட்டில் மருந்தில்லை.

4. திறக்கவும் மூடவும் பழகுங்கள்

அலகின் முதுகையொட்டி நகம் வைக்க ஒரு பள்ளம் இருக்கும். அதில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பாதி திறந்ததும், அலகின் முதுகை விரல்களால் பற்றி மீதியைத் திறக்க வேண்டும். மூடும்போது பிடியை விரல் நுனிகளால் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளுங்கள். அலகு வந்து விழும் பள்ளத்தின் மேல் எந்த விரலும் இருக்கக் கூடாது. அலகைத் தானாக அடித்து மூட விடுவதும் வேண்டாம். சில கத்திகளில் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, உள்ளே போய் வில்லில் மோதி மழுங்கிவிடும்.

இரண்டாம் வகைக் கத்தியின் நுனியால் எதையும் குத்தாதீர்கள். நான் கத்தி பழகிய முதல் வருடம் ஒரு பிளாஸ்டிக் கேனின் மூடியில் ஓட்டை போடப் பார்த்தேன். நுனி மூடியில் இறங்கவில்லை, வழுக்கியது. அடுத்த நொடி அலகு என் ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் மடங்கி உட்கார்ந்திருந்தது. வலி உடனே தெரியவில்லை. வெள்ளைக் கோடு ஒன்று, பிறகு அது சிவந்தது, பிறகு சட்டை நனைந்தது. மூன்று தையல். குத்துகிற வேலை இருந்தால் பூட்டு உள்ள கத்தியை எடுங்கள், அல்லது ஓர் ஊசியைத் தேடுங்கள்.

ஒப்பினெல் வாங்கியவர்களுக்கு மழைக்காலத்தில் ஒரு சங்கடம் வரும். ஐப்பசி அடைமழையில் பீச் மரம் ஈரம் குடித்து உப்பி, அலகைக் கவ்விக்கொள்ளும். நகம் பெயர்ந்தாலும் திறக்காது. சவோய் மக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூட்டு வளையத்தைத் தளர்த்திவிட்டு, மூடிய கத்தியின் பிடியின் அடிமுனையை மேசையில் டொக் டொக்கென்று இரண்டு முறை தட்டினால் அலகின் முதுகு தானாக வெளியே எட்டிப் பார்க்கும். ஒரு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தாலும் மரம் சற்று இளகும்.

5. கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா?

இந்தக் கேள்விக்கு நம் வீடுகளிலேயே பதில் இருக்கிறது. பழைய இரும்பு அரிவாள்மனையில் வாழைப்பூ அரிந்தவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். பூ கறுக்கும், அரிவாள்மனையும் கறுக்கும், அம்மா உடனே துடைத்து வைப்பார். அதுதான் கார்பன் எஃகு. எளிதில் கூர் ஏறும், கையில் வெட்டும்போது ஒரு சுகம் உண்டு. ஆனால் புளிப்பும் ஈரமும் ஆகாது.

என் கார்பன் ஒப்பினெலால் முதன்முதலில் அறுத்தது ஒரு கிளிமூக்கு மாங்காய். மூன்றாவது கீற்றுக்கு முன்பே அலகில் நீலமும் சாம்பலும் கலந்த மேகம் படர்ந்தது. துடைத்தேன், போகவில்லை. துரு என்று பயந்து தேய்த்துவிடாதீர்கள். அது எஃகு தன் மேல் தானே போர்த்திக்கொள்ளும் மெல்லிய படலம். இன்னும் பத்து மாங்காய், இரண்டு எலுமிச்சை கடந்ததும் அலகு முழுவதும் மழைமேக நிறத்துக்கு வந்துவிடும். அதன்பின் துருப்பிடிப்பது வெகுவாகக் குறையும். செந்நிறப் பொடிதான் துரு. அதைக் கண்டால் உடனே நீக்க வேண்டும்.

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போல உப்புக்காற்று வீசும் ஊரில் இருப்பவர், அல்லது துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர், துருப்பிடிக்காத எஃகையே வாங்கலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. அந்த எஃகே ஷெஃபீல்டு தந்ததுதான். 1913-இல் அங்கே ஹாரி பிரியர்லி அதை வார்த்தார்.

எண்ணெய் பற்றி ஒரு சொல். தேங்காய் எண்ணெய் கைக்கருகில் இருப்பதால் பலரும் தடவுகிறார்கள். சில மாதத்தில் அது பிசுக்காகி ஆணியை இறுக்கிக்கொள்ளும். உணவுக்குத் தகுந்த மினரல் ஆயிலை மருந்துக் கடையிலோ இணையத்திலோ வாங்கி, ஆணியில் ஒரு சொட்டு, அலகில் துணியால் ஒரு தடவல். அவ்வளவு போதும்.

6. கூர் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை சாணை பிடிப்பவர் ஒருவர் சைக்கிளில் வருவார். பெடலை மிதித்தால் சக்கரம் சுழலும். எங்கள் வீட்டு அரிவாள்மனைக்குப் புது உயிர் கொடுப்பவர் அவர்தான். ஒருநாள் என் மடக்குக் கத்தியை நீட்டினேன். வாங்கி, நகத்தில் வாயை வைத்துப் பார்த்து, வெயிலில் திருப்பிப் பார்த்து, அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். “இது என் சக்கரத்துக்குத் தாங்காது தம்பி. சூடேறினால் பதம் போய்விடும். தண்ணீர்க்கல்லில் நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள்” என்றார். கூலியை இழந்து அவர் சொன்ன அந்தச் சொல் அட்சரசுத்தமான உண்மை. மெல்லிய அலகு உலர்ந்த சக்கரத்தில் சில நொடிகளில் சூடாகி, எஃகின் பதம் இளகிவிடும். நீலம் பாரித்த இடத்தில் பிறகு கூர் நிற்காது.

தேவையானவை: 1000 என்று எண் போட்ட தண்ணீர்க்கல் ஒன்று, ஒரு பழைய தோல் பெல்ட்.

ஊறவைக்க வேண்டிய கல் என்றால் தண்ணீரில் பத்து நிமிடம், குமிழி நிற்கும் வரை போடுங்கள். நகராமல் இருக்க ஈரத் துணியின் மேல் கல்லை வையுங்கள். அலகைக் கல்லில் படுக்க வைத்து, முதுகை மட்டும் மெல்லத் தூக்குங்கள். எவ்வளவு என்பதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். 2 செ.மீ. அகலமுள்ள அலகின் முதுகு கல்லிலிருந்து 5 மி.மீ. உயர்ந்தால் கோணம் ஏறத்தாழ 15 பாகை. அதுவே வேண்டியது. மூன்று நாணயங்களை அடுக்கி முதுகின் கீழே வைத்துப் பார்த்தால் அந்த உயரம் கண்ணுக்குப் பிடிபடும். பிறகு நாணயங்களை எடுத்துவிட்டுக் கையால் அதே உயரத்தைக் காப்பாற்றுங்கள். பேனாக் கத்தியின் சிறு அலகு 1 செ.மீ. அகலம்தான் என்றால் உயரமும் பாதியாக வேண்டும்.

அழுத்தம் வேண்டாம். தோசைக்கல்லில் எண்ணெய்த் துணி ஓடுவதுபோல் ஓடினால் போதும். அடியிலிருந்து நுனி வரை ஒரே ஓட்டம், நுனிக்கு வரும்போது கையைச் சற்று உயர்த்தினால் வளைவும் கல்லில் படியும். பத்துப் பதினைந்து ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி, மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு வெளியே போகும்படி தடவுங்கள். விளிம்பில் பிசிறு தட்டுப்படும். நூலிழைபோல ஒரு சொரசொரப்பு. அது அடியிலிருந்து நுனி வரை தட்டுப்படும் வரை பக்கம் மாற்றக் கூடாது. பெரும்பாலானோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பிசிறு எழும் முன் பக்கம் மாற்றினால் ஒரு மணி நேரம் தேய்த்தாலும் கூர் வராது. பிசிறு எழுந்ததும் மறுபக்கம் அதே வேலை. பிறகு பக்கத்துக்கு ஒரு ஓட்டமாக, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பத்து முறை.

கடைசியாகத் தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போக, வாய் பின்னால் இழுபட, பக்கத்துக்கு இருபது முறை. எஞ்சிய பிசிறு உதிர்ந்துவிடும். செய்தித்தாளின் ஓரத்தை ஒரு கையில் தொங்கவிட்டு மேலிருந்து கீழாக அறுத்துப் பாருங்கள். கிழியாமல் சலசலப்பில்லாமல் இறங்கினால் வேலை முடிந்தது. முதல் தடவை வராது. எனக்கு நான்காவது ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

7. எடுத்துச் செல்லும் இடமும் சட்டமும்

கத்திக்குப் பையில் தனி இடம் கொடுங்கள். சாவி, நாணயத்தோடு போட்டால் பிடி கீறும், நகப்பள்ளத்தில் அழுக்கு சேரும். மெல்லிய தோல் உறை நல்லது, கைக்குட்டைக்குள் சுற்றி வைத்தாலும் போதும்.

இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-இல் வந்தது. அதன் கீழுள்ள விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைத்து, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்குத் தருகின்றன. நாம் பேசும் கத்திகள் எதுவும் அந்த அளவை எட்டாது. ஆனால் அளவு மட்டும் காப்பாற்றாது. எங்கே, எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்பதும் கேள்விக்கு வரும். ஊர்வலம், அரசியல் கூட்டம், தேர்தல் நேரம், நீதிமன்றம், மெட்ரோ ரயில், பாதுகாப்புச் சோதனை உள்ள கோயில்கள்: இங்கெல்லாம் கத்தியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். யாராவது வாக்குவாதத்துக்கு வந்தால் கை பையின் பக்கம்கூடப் போகக் கூடாது. கோபத்தில் ஒரு முறை காட்டிவிட்டால், கொய்யா வெட்டத்தான் வைத்திருந்தேன் என்று பிறகு யாரிடமும் சொல்ல முடியாது.

விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்திக்கும் இடமில்லை, ஒப்படைக்கும் பெட்டியில் வைத்தால் போகும். இது தெரிந்தும் விடியற்காலை விமானத்துக்கு ஓடும் அவசரத்தில் கேடட் ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு சோதனைச் சாவடி வரை போய்விட்டேன். எட்டு ஆண்டு பழகிய கத்தி. திரும்பிப் போய்ப் பெட்டியில் வைக்க நேரமில்லை. பிளாஸ்டிக் தட்டில் அது தனியாகக் கிடந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து பயணத்துக்கு முதல் நாள் இரவே கத்தியைச் சாமி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

லண்டனில் இருக்கும் தமிழர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிரிட்டனின் 1988 சட்டப்படி, மடங்கும் கத்தியாக இருந்து, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்குள், அதாவது 7.62 செ.மீ.க்குள் இருந்தால் காரணம் கேட்காமல் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே நான் மேலே புகழ்ந்த 8-ஆம் எண் ஒப்பினெல் அங்கே இரண்டு வகையிலும் தேறாது. 5-ஆம் எண்ணுக்கும் அதற்குக் கீழும் பூட்டு வளையம் கிடையாது. 6 செ.மீ. அலகுள்ள அந்த 5-ஆம் எண் பொருந்தும். அலுமினிய கேடட்டும் பொருந்தும். வேறு நாட்டில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் அந்நாட்டின் காவல்துறை இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

8. இனி சேகரிக்கலாம்

ஆறு மாதம் ஆகிவிட்டதா? இப்போது ஒரு நூலைப் பிடியுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் பெட்டி நிறையும், கதை சேராது. ஓர் ஊர், ஒரு வடிவம் அல்லது ஒரு பட்டறை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கத்தியும் அடுத்ததைப் பற்றி ஏதாவது சொல்லும்.

நான் பிடித்த நூல் சுவிஸ் ராணுவக் கத்தி. 1890-இல் அந்த ராணுவம் கத்தி கேட்டபோது அவ்வளவு எண்ணிக்கையில் செய்ய உள்நாட்டில் ஆளில்லை, முதல் தொகுதி சோலிங்கனிலிருந்து வந்தது. 1891-இல் இபாக் என்ற ஊரின் கார்ல் எல்செனர் அந்த வேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிப்பாயின் ரேஷன் டின்னைத் திறக்கவும் துப்பாக்கியைப் பிரிக்கவும் ஒரே கருவி என்பதுதான் தேவை. 1961 முதல் வந்த அலுமினியப் பிடிச் சிப்பாய்க் கத்திகளில் அலகின் அடியில் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். நீங்கள் பிறந்த ஆண்டு, அப்பா வேலைக்குச் சேர்ந்த ஆண்டு என்று தேடிப் பிடிக்கலாம். அதிக விலையும் இருக்காது, போலியும் குறைவு.

எழுத்துகளைப் படித்துத் துப்பறிய விரும்புபவருக்கு அமெரிக்காவின் கேஸ் கத்திகள். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்யப்படுபவை. அலகின் அடியில் உள்ள எண்ணே ஜாதகம். 6254 என்று இருந்தால், முதல் 6 எலும்புப் பிடி, அடுத்த 2 அலகுகளின் எண்ணிக்கை, கடைசி 54 டிராப்பர் என்ற வடிவம். 6318 என்றால் எலும்புப் பிடி, மூன்று அலகு, ஸ்டாக்மேன். 1970-இல் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகள் வைத்தார்கள், ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஆறு புள்ளி என்றால் 1974. 1980-இல் மறுபடி பத்திலிருந்து தொடங்கியபோது, பெயரின் எஸ் எழுத்தை மின்னல் போல மாற்றினார்கள். எஸ் நேராக இருக்கிறதா, மின்னலாக இருக்கிறதா என்று பார்க்காமல் புள்ளியை மட்டும் எண்ணினால் பத்து ஆண்டு தவறிவிடும்.

பழைய கத்தி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அலகின் அகலம். தலைமுறை தலைமுறையாகத் தீட்டித் தேய்ந்த அலகு குச்சியாக மெலிந்திருக்கும். அதே வடிவத்தின் புதுக் கத்தியின் படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பிடியில் ஆணியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். முத்திரை மட்டும் பளிச்சென்று, மற்ற இடமெல்லாம் பழையதாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். விற்பவர் பாலிஷ் போட்டுப் பளபளக்க வைத்திருந்தாலும் எனக்கு வேண்டாம். போன வயது திரும்பி வராது.

இந்தியாவில் இருப்பவர்கள் மான்கொம்பு, தந்தப் பிடிகளை அறவே தவிர்க்க வேண்டும். ஷெஃபீல்டும் அமெரிக்கப் பட்டறைகளும் நெடுங்காலம் விரும்பிப் பயன்படுத்தியது நம் காட்டுக் கடமான் கொம்பைத்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்று அந்த வியாபாரத்தைத் தடுக்கிறது. தானாக உதிர்ந்த கொம்பு என்ற சமாதானமும் செல்லாது. மாட்டெலும்பு, எருமைக்கொம்பு, கருங்காலி, ஈட்டி என்று அழகான பிடிகள் எவ்வளவோ இருக்கின்றன.

9. பாதுகாத்து வையுங்கள்

தோல் உறை நடமாட்டத்துக்கு மட்டும். மாதக்கணக்கில் உறைக்குள் கிடக்கும் கத்தியில் தோல் உறிஞ்சிய ஈரமும் பதனிட்ட ரசாயனமும் சேர்ந்து துருவை வரவழைக்கும். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, தேவைப்பட்டால் எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

பழைய கத்திகளில் ஆமையோடு போலவோ முத்துச்சிப்பி போலவோ மினுங்கும் பிடிகள் வரும். அவற்றில் பல செல்லுலாய்டு. வயதான செல்லுலாய்டு உள்ளுக்குள் சிதைந்து அமில வாயுவை வெளிவிடும். தன் அலகை மட்டுமன்றி, பக்கத்தில் படுத்திருக்கும் நல்ல கத்திகளையும் துருவேற்றிவிடும். தீயும் எளிதில் பற்றும். அவற்றை மற்றவற்றோடு சேர்க்காமல், காற்றோட்டமான இடத்தில் தனியே வையுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். கத்திக்கு ஒரு பக்கம்: எப்போது, எங்கே, என்ன விலைக்கு வாங்கியது, முத்திரையில் என்ன எழுத்து, எப்போது தீட்டியது. என் நோட்டின் ஏழாம் பக்கத்தில் ‘ஐந்து ரூபாய்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. நண்பர் ஒருவர் தன் அப்பாவின் ஷெஃபீல்டு பேனாக் கத்தியை எனக்குக் கொடுத்தபோது, கத்தியைச் சும்மா வாங்கினால் நட்பு அறுந்துவிடும் என்று ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை உண்டு என்றேன். நம் வீடுகளிலும் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். அவர் அதை மடக்கி மேசையில் வைத்தார். நான் அதன் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தேன். அவர் நாணயத்தை எடுத்த பிறகு கத்தியை எடுத்துக்கொண்டேன்.